பெற்றோர் கூட்டத்துக்கு நடவு தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 19 ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம்தான். நேற்று போய் வகுப்பறையைத் திறந்து பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருக்கிறது, கைகழுவும் குழாய் சொட்டுகிறது. வருடா வருடம் உள்ளதுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும். சரியாகாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடப்பது வேலைநாளில், பிற்பகல் 3 மணிக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் ஜூனிலும் ஜூலையிலும் இங்கே குறுவை நெல் நடவு. எங்கள் குழுத் தலைவியே நடவுக்குப் போகிறவர். காலை 6 மணிக்கு லோடு வண்டியில் ஏறினால், வெளியூர் வயலென்றால் திரும்ப 4 மணி ஆகிவிடும். அப்பாக்களில் பலர் திருப்பூரில். கூட்டத்துக்கு வருவது அப்பாவைப் பெற்ற பாட்டிகள், நாலைந்து அப்பாயிகள்தான். மீதிக் கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்குகிறோம். (இதை எழுதியதற்காக என்னிடம் விளக்கம் கேட்கலாம். கேட்கட்டும்.)

‘அம்மாக்களுக்கு அக்கறையே இல்லை’ என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நடவு நடந்த வயலுக்கே போனேன். புங்கமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்து 11 பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால் முழுக்கச் சேறு. பள்ளிக்கு வந்தால் தலையைக் குனிந்தே உட்காருகிறவர்கள், அங்கே என்னைக் கேள்வி கேட்டார்கள்.

“எம்மவ போர்டுல இருக்கிறத பக்கத்துப் புள்ள நோட்டப் பாத்துதான் எழுதுறா டீச்சர், கவனிச்சீங்களா?” என்றார் ஒருவர். கவனிக்கவில்லை. அந்தப் பெண் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். இன்னொருவர், “வாய்க்கால்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. பனைமரப் பாலத்துல புள்ளைங்க ஓடுதுங்க, பாத்துக்குங்க” என்றார். மேட்டூர் திறந்த செய்தியைப் பத்திரிகையில் படித்திருந்தேன். ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு தாண்டி எங்கள் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது எனக்குத் தெரியாது. காலையிலும் மாலையிலும் யார் வீட்டு அப்பாயி பாலத்தருகே நிற்பது என்று அங்கேயே முறை போட்டார்கள். இருபது நிமிடம்தான். அதுபோல ஒரு கூட்டத்தை நான் பள்ளிக்குள் நடத்தியதே இல்லை.

காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் எங்கள் டெல்டாவின் திருக்குவளையிலிருந்துதான் விரிவுபடுத்தினார்கள். விடியலில் வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு அதனால் பெரிய கவலை விட்டது. அவர் கிளம்புகிற நேரம் அரசுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்புகிற நேரத்தையும் பார்த்துக் கூட்டம் வைக்கலாம் இல்லையா? ஜூன் 12-ல் அணை திறந்தால் நடவு ஒரு கணக்கு. 2024-ல் போல ஜூலை 28-க்குத் தள்ளிப்போனால் வேறு கணக்கு. சுற்றறிக்கையில் ஒரே தேதி போட்டு இதைப் பிடிக்க முடியாது. நாளையும் நேரத்தையும் அந்தந்தப் பள்ளியும் பெற்றோரும் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று கல்வித்துறை ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். இரவு வந்து உட்கார எங்களுக்கும் சிரமம்தான், வீட்டில் சமையல் கிடக்கும். ஆனால் அது மாதம் ஒரு நாள்தானே.

இந்த ஆண்டு முதல் கூட்டம் ஞாயிறு இரவு 7 மணிக்கு, பள்ளித் தாழ்வாரத்தில். தலைமை ஆசிரியர் சம்மதித்துவிட்டார். அங்கே டியூப் லைட் எரியவில்லை என்று தலைவியிடம் போனில் சொன்னேன். “லைட்ட மட்டும் வாங்கி வைங்க டீச்சர், எம்மவன் வந்து மாட்டிடுவான்” என்றார்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.