ரோட்டில் காயும் நெல்லும் பின்னால் வரும் அம்புலன்ஸும்

விசுவமடு,
பங்குனி

அன்பின் சிறி,

உன் குரல் பதிவுகள் எல்லாம் வந்தன. பதில் போடவில்லை என்று அங்கே முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பாய், தெரியும். கோபத்தை ஒரு கரையில் வைத்துவிட்டு இதை முழுக்க வாசி. ஊர்ப் புதினம் முதலில்: காலபோக அறுவடை முடிந்தது. கடைசி மழை கொஞ்சம் படுத்தினாலும் வயல் கைவிடவில்லை. உன் காணிக்குப் பின்வேலி அடைத்தாயிற்று, காசு மிச்சம் இருக்கிறது. கட்டையன்ர மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், மாப்பிள்ளை முழங்காவில் பக்கம். இந்த முறையும் லீவு இல்லை என்று கதை சொன்னால் கட்டையன் உன்னோடு கதைக்கவே மாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியண்ணைக்கு மாசியில் மாரடைப்பு வந்தது. பதறாதே, ஆள் இப்போது வீட்டில் இருக்கிறார். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று அண்ணியோடு சண்டை. நாவல்மரக் கேஸில் முதலாம் எதிரி நீதான் என்று நேற்றும் சொல்லிச் சிரித்தார். போனில் சொன்னால் நீ அங்கே அழத் தொடங்குவாய், நான் பாதியில் நிறுத்துவேன். எனக்குப் பாதியில் நிறுத்த விருப்பமில்லை. ஏனென்றால் நான் சொல்ல நினைப்பது அண்ணையின் வருத்தத்தைவிட, அவரை ஏற்றிக்கொண்டு போன ரோட்டைப் பற்றித்தான்.

வெய்யில் ஏறின நேரம். அண்ணை களத்தில் இருந்து வந்து திண்ணையில் சாய்ந்தவர், நெஞ்சை அமத்துது என்றார், உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம். நீ இருந்த காலத்தில் இது இல்லை. 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. காசு ஒரு சதம் வாங்குவதில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு போன எங்களுக்கு, ஒட்சிசனோடும் படித்த பிள்ளை ஒன்றோடும் வண்டி முற்றத்தில் வந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு விளங்கும். என்னை முன் சீற்றில் ஏற்றினார்கள்.

அந்தச் சீற்றில் இருந்து பார்த்தபோதுதான் பரந்தன் ரோடு எப்படி இருக்கிறது என்று கண்டேன். அது அறுவடைக் காலம். ரோட்டின் இடப்பக்கம் நீளத்துக்கு நெல் காய்கிறது. தார் சூடு, ஒரு நாளில் காய்ந்துவிடும், களம் இருக்கிறவர்கள் கொஞ்சப்பேர்தான். காயப்போடுகிற சனத்தின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஈரநெல்லை வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான். ஆனால் நெல்லின் மேல் வண்டி ஏறக்கூடாது என்று விளிம்பில் கல் அடுக்கியிருக்கிறார்கள், கிளை முறித்துப் போட்டிருக்கிறார்கள், ஓரிடத்தில் தென்னங்குற்றியே கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மணல் டிப்பர். அந்தச் சாரதிக்குச் சைரன் கேட்டுவிட்டது. இடப்பக்க சிக்னலையும் போட்டான். ஒதுங்க இடம்தான் இல்லை! எதிரே பஸ். சிக்னல் மினுங்க மினுங்க அவன் நடு ரோட்டிலேயே போய்க்கொண்டிருக்கிறான், நாங்கள் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கிறோம், உள்ளே அந்தப் பிள்ளை "அப்பா, கண்ணைத் திறந்து பாருங்கோ, என்னோட கதையுங்கோ" என்று அண்ணையைக் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது. நெல் முடிகிற இடம் வந்ததும் டிப்பர் சடாரென்று கிரவலில் இறங்கி வழி விட்டான். அவனில் ஒரு பிழையும் இல்லை. அந்த நெல் வரிசை எவ்வளவு தூரம் என்று நான் அளக்கவில்லை. எனக்கு அது ஆனையிறவு வரை நீண்ட மாதிரி இருந்தது.

கிளிநொச்சியில் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். நெஞ்சுக்குப் போகிற குழாய் அடைபட்டால், அடைபட்டு இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை சாகிறதாம். செத்த தசை திரும்ப வராதாம். டொக்டர் தம்பி இதைச் சொல்லும்போது எனக்கு அந்த நெல்தான் கண்ணுக்குள் நின்றது. அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள், ஆஸ்பத்திரியின் நோயாளர் காவு வண்டியில். திரும்பவும் முன் சீற்று. சாரதி நிறையக் காலம் இதே ஏ9 கண்டி-யாழ்ப்பாண ரோட்டில் ஓடின மனிசன். அவர் ஓட ஓடச் சொன்னவற்றைத்தான் உனக்கு எழுதப் போகிறேன், இதை நான் மறக்கக்கூடாது.

வழி விடாதவன் குறைவு, தம்பி என்றார். எங்கட சனம் வழி விடும். ஆனால் எப்படி விடுவது என்று தெரியாமல் பதறும், அந்தப் பதற்றத்துக்குத்தான் எனக்குப் பயம் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கரடிப்போக்குத் தாண்ட ஒரு மோட்டார் சைக்கிள். புருசனும் மனைவியும், நடுவில் குழந்தை. சைரன் கேட்டதும் அந்த மனிசன் நடு ரோட்டிலேயே பிரேக்கை அமத்தி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். நல்ல மனசு, வழி விடத்தான் நினைத்தார். ஆனால் எங்கள் சாரதியும் பிரேக்கை அமத்த வேண்டி வந்தது. உள்ளே தாதி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவ, சேலைன் போத்தல் ஊஞ்சலாட அப்படியே முன்னுக்கு வந்து விழுந்தா. அம்புலன்ஸ் போடுகிற ஒவ்வொரு சடன் பிரேக்கும் உள்ளே படுத்திருக்கிற ஆளுக்கும், ஊசி கையில் வைத்திருக்கிற ஆளுக்கும்தான் விழுகிறது. இது ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பெட்டி மூடியிருக்கிறதே.

அதனால் அவர் கேட்பது ஒன்றுதான்: கண்ணாடியில் பார், இடப்பக்க சிக்னலைப் போடு, மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கு, அங்கேயே நில். சிக்னல் போட்டால் உன் எண்ணம் அவருக்குப் பின்னால் இருந்தே விளங்கிவிடும், அவர் தன் பாதையை முன்கூட்டியே தீர்மானிப்பார். வலப்பக்கம் மட்டும் போகாதே, அவர் வருகிறது அந்தப் பக்கத்தால்தான். வளைவிலோ மதகிலோ நிற்காதே, அதைத் தாண்டிக் கொண்டுபோய் ஒதுங்கு. நீ ஒதுங்குகிற அவசரத்தில் கரையால் வருகிற சைக்கிள்காரப் பிள்ளையை இடித்துவிடாதே. எதிரே வருகிறவனும் ஒதுங்க வேண்டும். இதைத்தான் நிறையப்பேர் நினைப்பதே இல்லை, சைரன் தங்கள் பக்கத்துக்கு இல்லை என்று வந்த வேகத்திலேயே வருவார்கள். ஏ9 போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அம்புலன்ஸ் ஒரு லொறியை முந்துவதென்றால் எதிரே வருகிறவனின் பக்கத்துக்குத்தான் ஏற வேண்டும்.

பரந்தன் சந்தியில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றுகிறது, பின்னால் இன்னொரு பஸ் அதை முந்தப் பார்க்கிறது. எனக்குக் கோபத்தில் வாய் வரை வந்த சொல்லை இங்கே எழுத மாட்டேன். அதே இடத்தில் ஒரு ஓட்டோக்காரத் தம்பியையும் கண்டேன். சைரன் கேட்ட உடனே ஓட்டோவைக் கிரவலில் இறக்கிவிட்டு, தான் குதித்து வந்து முல்லைத்தீவுப் பக்கத்தால் வருகிற வாகனங்களை இரண்டு கையையும் விரித்து மறித்தான். இருபது வயது இருக்காது. நாங்கள் போன பிறகு அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு இப்போதும் கவலை.

ஆனையிறவு தாண்டும்போது முன்னால் ஒரு கார். கண்ணாடி எல்லாம் பூட்டி, ஏசி, பாட்டு. எவ்வளவு அடித்தும் கேட்கவில்லை. சாரதி எனக்குக் கணக்கு ஒன்று சொன்னார், நீ கணக்கில் புலி, சரிபார். மணிக்கு 90 கிலோமீற்றரில் வருகிற வண்டி ஒரு செக்கனுக்கு 25 மீற்றர் ஓடும். நீ 50இல் போகிறாய், அது 200 மீற்றர் பின்னால் இருக்கிறது என்றால் 18 செக்கனில் உன்னைப் பிடித்துவிடும். பாட்டுச் சத்தத்தில் முதல் பத்து செக்கனைக் கோட்டைவிட்டால் மிச்சம் என்ன? கண்ணாடியை அடிக்கடி பார்க்கிற பழக்கம் இல்லாதவனுக்குச் சைரன் எப்போதும் திடீரென்றுதான் கேட்கும்.

எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது வேறொருவனில். இயக்கச்சியில் இருந்து கொடிகாமம் வரை ஒரு வான் எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தது. எங்களுக்குச் சனம் விடுகிற வழியில் தான் சும்மா ஓடி வருகிறது. அம்புலன்ஸ் போய்விட்டது என்று கரையில் நின்ற பெண் ஒருத்தி ஸ்கூட்டியைத் திரும்ப ரோட்டில் ஏற்றுகிறாள், வான்காரன் ஒரு முழத்தில் தப்பினான். நோயாளியின் உயிருக்குச் சனம் விட்ட இடத்தைத் திருடுகிறவனை என்ன சொல்வது சிறி? அதனால்தான் சாரதி, ஒதுங்கி நின்றவர்களும் உடனே ஏறக்கூடாது என்றார். ஒன்றுக்குப் பின் இன்னொன்று வரலாம். ஒரு மூச்சு விட்டு, பார்த்துத்தான் ஏற வேண்டும்.

ஒன்று யோசித்தேன். எங்களுக்கு ஒதுங்கத் தெரியாதா? இதே ஏ9இல் இராணுவத் தொடரணி வந்தால் சைக்கிளில் இருந்து இறங்கி, வேலியோடு ஒட்டி நின்ற ஆட்கள் நாங்கள். கடைசி வண்டி போகும் வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். அது பயம். ஆனால் 2009 தையில் இந்தப் பரந்தன் ரோட்டில் சனம் முழுக்கக் கிழக்காக நகர்ந்தபோது பயம் மட்டும் இருக்கவில்லை. சாமான் ஏற்றின லாண்ட்மாஸ்டர், மாட்டு வண்டில், ஆடு, பிள்ளைகள், கால் வைக்க இடமில்லை. அதற்குள் காயக்காரரை ஏற்றின வண்டி வந்தால், "காயம் வருது, விடுங்கோ விடுங்கோ" என்று ஒரு குரல் எழும்பும், அது முன்னால் முன்னால் போகும், சனம் மூட்டையோடு வயலுக்குள் இறங்கும். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சனம்தான் இன்றைக்கும் இந்த ரோட்டில் ஓடுகிறது. இன்றைக்கு ரோடு அகலம், வாகனம் வேகம், ஆளுக்கு ஆள் கண்ணாடி பூட்டிய பெட்டிக்குள். முன்னால் போய்ச் சொல்ல அந்தக் குரல் இல்லை. அதனால் இனிப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

உன் ஊர்க் கதை உதவும். ஜேர்மனியில் உங்கள் நூரன்பேர்க்கிலும் ஒரு ஏ9 ஓடுகிறது என்று பெருமை அடிப்பாயே, அந்த வேகப்பாதையில் நெரிசலில் நின்றபோது நீ எடுத்த வீடியோவைத் திரும்பத் தேடிப் பார்த்தேன். வாகனங்கள் மெதுவாகத் தொடங்கியதுமே, சைரன் கேட்பதற்கு முன்னமே, இடது வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் எல்லாம் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு பாதை திறந்து கிடக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் குறைந்தது 200 யூரோ தண்டம் என்றாய். எங்கள் ரோட்டில் நடுவால் திறக்க இடமில்லை, இங்கே எல்லோரும் இடப்பக்கம்தான். ஆனால் சத்தம் கேட்க முன்னமே இடம் வைப்பது இருக்கிறதே, அதை இங்கேயும் செய்யலாம். ரயில் கடவை பூட்டினால் எங்கட ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வலப்பக்கத்தையும் அடைத்து நிற்பார்கள், அந்தப் பக்கமும் அப்படியே. கடவை திறந்தால் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும். அந்த வலப்பக்கத்தை வெறுமையாக விட்டால் போதும்.

தீ வந்தாலும் இதே ரோடுதானே. 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்தில் இருந்து வரவேண்டியிருந்தது. எரிகிற கடைக்காரன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

சரி, நான் சும்மா புலம்பவில்லை. வருகிற கிழமை கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதை எடுக்கப் போகிறேன். நெல்லைக் காயப்போடாதே என்று சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இரண்டு கேட்கப் போகிறேன். ஒன்று, கல்லும் குற்றியும் வைக்கக்கூடாது. நெல்லின் மேல் சில்லு ஏறினால் ஏறட்டும், நசிந்த நெல்லை விட உயிர் பெரிது. வரிசை நீளமாகப் போகாமல் இடையிடையே ஒரு லொறி ஒதுங்கி நிற்கிற அளவு வெளி விட வேண்டும். வளைவில் காயப்போடவே கூடாது. மற்றது, பொதுக் களம் ஒன்றுக்குப் பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்பது. கடிதம் எழுதிவிட்டேன், பெரியண்ணைதான் முதல் கையெழுத்து. லேர்னர்ஸ் என்கிற சாரதிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிற எங்கட பழைய சேரிடமும் போனேன், பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடமாகவே பழக்குகிறேன் என்றார், ஆனால் காட்டுவதற்குப் படம் வேண்டுமாம்.

அதுதான் உனக்கு வேலை. அந்த வீடியோவின் நல்ல பிரதியை அனுப்பு, வாட்ஸப்பில் வந்தது மங்கல். உன் மகன் சாரதிப் பரீட்சை பாஸ் பண்ணினவன்தானே, அவனை ஒரு தாளில் அந்தப் பாதையை வரைந்து தரச் சொல், தமிழில் பெயர் போடச் சொல், எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை. கூட்டத்துக்கு முன்னம் வர வேண்டும். பெரியண்ணையோடு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதை, அதற்கு முந்தி எடுத்தால் நித்திரை. அவருக்கு முன்னால் அழுது தொலைக்காதே.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
குகன்