வீடியோ கேம்களுக்கும் விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம்களால் இளைஞர்கள் சீரழிவதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கம் கெடுவதையும், பணம் கட்டி ஆடும் செயலிகளில் பலர் சிக்கிக்கொள்வதையும் பற்றி அதில் எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தக் குற்றச்சாட்டை வைத்தே எல்லா விளையாட்டுகளையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கியது முறையாகாது. காரைக்குடியில் மருந்துக்கடை நடத்தும், நாற்பது வயதைக் கடந்த நான், நல்லதொரு நாவலுக்குத் தரும் மதிப்பை ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் அறிவியல் புனைவு விளையாட்டு வரிசைக்கும் தருபவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இதன் முதல் மூன்று பாகங்களை வெளியிட்டது. (அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் மருத்துவர்களும் இருந்தனர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.) 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, விண்மீன் மண்டலத்தில் முன்னேறிய உயிரினங்களையெல்லாம் அழித்துச் செல்லும் ரீப்பர்கள் என்னும் இயந்திரங்களை, ஆடுபவராகிய நாம் இயக்கும் ஷெப்பர்டு என்ற படைத்தலைவர் எதிர்த்து நிற்பதே கதை. கதை மட்டும் என்றால் இதில் பெரிய புதுமை இல்லை.

முதல் பாகத்தில் நாம் எடுக்கும் முடிவுகள், சேமித்து வைத்த கோப்பின் வழியாக அடுத்தடுத்த பாகங்களுக்கும் தொடர்ந்து வருவதே இதன் சிறப்பு. ரெக்ஸ் என்னும் குரோகன் இன வீரனுடன் ஏற்படும் பூசலைத் தணிக்கத் தவறினால் அவன் முதல் பாகத்திலேயே கொல்லப்படுகிறான். மூன்றாம் பாகத்தில் அவனுடைய இனத்தாரின் உதவியை நாடிச் செல்லும்போது, போர்வெறி பிடித்த வேறொருவனே தலைவனாக இருக்கிறான். அந்தக் குரோகன்கள் பெருகிப் பிற இனங்களை அச்சுறுத்திய காலத்தில், ஆயிரம் கருக்களில் ஒன்று மட்டுமே பிழைக்கும்படி அவர்கள்மீது ஒரு நோய் ஏவப்பட்டிருந்தது. அதன் வீரியம் குறையத் தொடங்கியபோது அதைத் திருத்தியமைத்த குழுவில் பணியாற்றிய மோர்டின் என்னும் அறிவியலாளர், இரண்டாம் பாகத்தில் நம்முடைய கப்பலுக்கே வந்து சேர்கிறார். அவர் கொடியவர் அல்லர். தொற்று பரவிய பகுதியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். தாம் செய்ததற்கு அவர் சொல்லும் காரணங்களை எளிதில் தள்ளிவிடவும் முடியாது, ஏற்றுக்கொள்ளவும் மனம் வராது. மருந்தை விற்றுப் பிழைக்கும் என்னை அந்த உரையாடல்கள் நெடுநாள் உறங்கவிடவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பகுதி சட்டென்று விளங்கும். தாங்கள் படைத்த கெத் என்னும் இயந்திரங்களிடமே தாய்மண்ணை இழந்த குவாரியர்கள், கப்பல் கூட்டமாக விண்வெளியில் அலைந்து வாழ்கிறார்கள். அவர்களில் பருவம் எய்தும் ஒவ்வொருவரும் தன்னந்தனியாக வெளியே போய், இனத்துக்குப் பயன்படும் ஏதேனும் ஒன்றைக் கொண்டு வந்தால்தான் ஒரு கப்பலில் இடம் கிடைக்கும். வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலைப் பயிற்சி ஆளாக, ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறி, கணக்குக் கற்று, முதலாளியின் முகவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாக உயர்ந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஊர் எங்களுடையது; 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பர்மாவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தவர்களின் கதைகளும் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதனால், மூன்றாம் பாகத்தில் குவாரியர்களையும் கெத்களையும் சமாதானப்படுத்த முடிந்து, டாலி என்னும் குவாரியப் பெண், எப்போதும் அணிந்திருக்கும் முகமூடியைக் கழற்றித் தன் சொந்த மண்ணின் காற்றைச் சுவாசிக்கும் காட்சியை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை. முந்தைய முடிவுகள் பிசகினால் இரு இனங்களில் ஒன்று அழிந்தே தீரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் பாகத்தில் கோள் கோளாகக் கனிமம் தேடுவது பெரும் சலிப்பு. மூன்றாம் பாகத்தின் முடிவோ, அதுவரை நாம் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் மதிப்பில்லாமல் செய்துவிட்டதாகப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. எதிர்த்த ரசிகர்கள், நோயுற்ற குழந்தைகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்; அதே 2012ஆம் ஆண்டு ஜூனில் நிறுவனம் விரிவான முடிவு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. படைத்தவரை வற்புறுத்தி முடிவை மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும், ஒரு கதையின் முடிவுக்காக இவ்வளவு மன்றாடுகிறவர்களைச் சீரழிந்தவர்கள் என்று எப்படி அழைப்பது?

இது சிறுவர்களுக்கான விளையாட்டும் அன்று. அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரியது என்றே தரப்படுத்தப்பட்டுள்ளது. எந்த விளையாட்டு யாருக்கு ஏற்றது என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவர் அரிது. நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் பக்கம் ஒதுக்கும் தாங்கள், மாதம் ஒருமுறையேனும் விளையாட்டுகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கி, அவற்றை முழுமையாக ஆடிப் பார்த்தவர்களைக் கொண்டே விமர்சனம் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி