நீங்கள் வந்து கூப்பிடுங்கள்: ஒபாமா அணித் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை 2008

ஒபாமாவுக்காக ராப்பகலாக உழைத்த தம்பி தங்கைகளுக்கு,

முதலில் வாழ்த்து. மனசாரச் சொல்கிறேன். கடைசி இரண்டு மாநிலங்களான மொன்டானாவும் தெற்கு டகோட்டாவும் வாக்களித்த ஜூன் 3ஆம் தேதி ராத்திரி, ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராவதற்குத் தேவையான 2118 டெலிகேட்டுகளை, அதாவது கட்சி மாநாட்டில் ஓட்டு போடும் பிரதிநிதிகளை, ஒபாமா தாண்டிவிட்டார் என்று டிவியில் சொன்னபோது என் மகள் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து கத்தினாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்தே எங்கள் வீட்டில் இரண்டு அணிதான், அவள் ஒபாமா, நான் ஹிலரி கிளின்டன். கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே வந்தாள், ஒன்றும் பேசவில்லை, துண்டை எடுத்து நான் கழுவி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் செய்த அந்தக் காரியத்தைத்தான் இந்த மடலில் உங்கள் எல்லோரிடமும் கேட்கப் போகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன், ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் வேலை, பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் கரண்டியோடு நிற்கும் அக்கா நான்தான். பிப்ரவரி 5ஆம் தேதி பிரைமரிக்கு, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு, முன்னால் நியூ ஜெர்சி முழுக்க ஹிலரிக்காக போன் போட்டேன். ஏப்ரலில் சனிக்கிழமை தவறாமல் டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குப் போய், பக்ஸ் கவுண்டியில் வீடு வீடாகக் கதவு தட்டினேன். இரண்டு மாநிலத்திலும் ஜெயித்தோம், மொத்தக் கணக்கில் தோற்றோம். தோல்வி தோல்விதான், அதில் எனக்கு வாதமே இல்லை.

ஜூன் 7ஆம் தேதி வாஷிங்டனில் ஹிலரி மேடையேறி, இந்த முறை அந்த உயரமான கண்ணாடிக் கூரையை உடைக்க முடியாவிட்டாலும் அதில் 1 கோடியே 80 லட்சம் விரிசல் விழுந்திருக்கிறது என்று சொல்லி, ஒபாமாவுக்குத் தன் முழு ஆதரவையும் கொடுத்துவிட்டுப் போனார். அழுதேன். அப்புறம் ஜூன் 27ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்கிற சின்ன ஊரில் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். ஊர்ப் பெயரே ஒற்றுமை. ஜனவரி பிரைமரியில் அந்த ஊர் இருவருக்கும் சரிசமமாக ஆளுக்கு 107 ஓட்டு போட்டிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேடையில் வந்த ஒற்றுமை மேடைக்குக் கீழே இன்னும் வந்து சேரவில்லை, அதற்கு நீங்களும் ஒரு காரணம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கீழ்த்தளத்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தம்பி, நல்ல பையன், ஒபாமாவுக்காக அயோவா வரை போய்க் குளிரில் நின்றவன், என்னைப் பார்த்து, “என்ன ஆன்ட்டி, இன்னுமா சோகம்? நவம்பர்ல வேற என்ன வழி இருக்கு உங்களுக்கு?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், ஒபாமாவுக்குப் போட யோசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு காரணம்தான், அது தோல் நிறம், என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். பதில் இல்லாமல் போகவில்லை, குழந்தையின் பிறந்தநாளில் சண்டை வேண்டாம் என்றுதான் போனேன்.

“வேற என்ன வழி இருக்கு” என்பது அழைப்பு இல்லை தம்பி. நம் ஊரில் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்து, அப்புறம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் என்ன செய்வார்கள்? பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு “வராம எங்க போயிடுவாங்க” என்று உட்கார்ந்திருப்பார்களா? தாம்பூலத் தட்டோடு படியேறிப் போவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெரியவர் பழசையெல்லாம் கிளறித் தீர்ப்பதைத் தலை குனிந்து கேட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் தட்டை நீட்டுவார்கள். கல்யாணம் யார் வீட்டிலோ அவர்கள்தான் போக வேண்டும். இப்போது கல்யாணம் உங்கள் வீட்டில்.

நிற வெறி பற்றிச் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பக்ஸ் கவுண்டியில் நான் கதவு தட்டிய லெவிட்டவுன், கறுப்பர்களுக்கு வீடு விற்க மாட்டோம் என்று விதி வைத்து 1950களில் கட்டிய ஊர். 1957இல் முதல் கறுப்பினக் குடும்பம் அங்கே குடிவந்தபோது கூட்டம் கூடிக் கல்லெறிந்தார்கள். அந்தக் காற்று இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. இரண்டு வீட்டு வாசலில் என் காது கூசுகிற மாதிரி பேசினார்கள், அந்த வீடுகளின் ஓட்டு எங்களுக்குக் கிடைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தலைவர்களும் யோக்கியமாகவே நடந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தெற்கு கரோலினாவில் ஒபாமா ஜெயித்ததும் பில் கிளின்டன் சம்பந்தமில்லாமல் முன்பு அங்கே ஜெயித்த இன்னொரு கறுப்பின வேட்பாளரான ஜெஸ்ஸி ஜாக்சனை இழுத்தது தப்பு. மே மாதம் ஹிலரி தனக்கு வெள்ளைக்காரத் தொழிலாளிகளின் ஆதரவு இருக்கிறது என்று பேட்டி கொடுத்தது அதைவிடத் தப்பு. ஃபுளோரிடா, மிச்சிகன் விஷயத்திலும் நாங்கள் போட்ட கூச்சல் கொஞ்சம் அதிகம்தான். முன்கூட்டியே தேர்தல் வைத்ததற்காக அந்த இரண்டு மாநிலத்தின் டெலிகேட்டுகளைப் பறித்தபோது, கட்சியின் விதிமுறைக் கமிட்டியில் உட்கார்ந்து அதற்கு ஓட்டு போட்டவர்களில் ஹிலரியின் ஆலோசகரான எங்கள் ஹெரால்ட் இக்கீஸும் ஒருவர். மே 31ஆம் தேதி ஆளுக்கு அரை ஓட்டு என்று சமரசம் செய்தபோது ஆவேசப்பட்டவரும் அவரேதான்.

இதையெல்லாம் நானாக ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலரி பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு ஆண்கள் எழுந்து “என் சட்டைக்கு இஸ்திரி போடு” என்று கத்தினார்கள். அவர் சிரிப்பைப் பற்றி, குரலைப் பற்றி, கணுக்காலைப் பற்றி டிவியில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அப்போது நீங்கள் யாரும் வாய் திறந்ததாகவும் எனக்கு நினைவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்து, தனக்குக் கீழே வேலை பழகிய பையன் தனக்கு மேலதிகாரியாக வருவதைப் பார்த்த பெண்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தத் தேர்தலைத் தங்கள் சொந்தக் கதையாகத்தான் பார்த்தார்கள். அந்த வலிக்கு “விடுங்க ஆன்ட்டி” என்பது மருந்தாகாது.

1980ஐப் பற்றிப் பேசும்போதெல்லாம், அப்போது ஜனாதிபதியாக இருந்த கார்ட்டரை எதிர்த்து நம் கட்சிக்குள்ளேயே போட்டியிட்ட டெட் கென்னடியைத்தான் திட்டுகிறார்கள். ஆகஸ்ட் மாநாடு வரை கார்ட்டரை விடாமல் இழுத்தடித்தார், கடைசி நாள் மேடையில் கையைச் சேர்த்துத் தூக்கவும் மனசில்லாமல் சும்மா கை குலுக்கிவிட்டு நகர்ந்தார், நவம்பரில் எதிர்க்கட்சியின் ரீகன் 44 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார் என்று. எல்லாம் உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் கென்னடி போட்டியிட்டால் அவரை அடித்து நொறுக்குவேன் என்று கொச்சையான வார்த்தையில் பேசியவர் கார்ட்டர். பிரைமரி முழுக்க அவரோடு ஒரு விவாதத்துக்குக்கூட வர மறுத்தவரும் கார்ட்டர்தான். ஜெயித்தவர் எட்டு மாசம் மதிக்காமல் நடத்திவிட்டு, கடைசி நிமிஷத்தில் ஒரு போட்டோவுக்காக மேடையில் கை நீட்டினால் எப்படி ஒட்டும்? அந்தப் பாதி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

சரி, என் ஓட்டைப் பற்றிய கவலையை விடுங்கள். நவம்பர் 4ஆம் தேதி அது ஒபாமாவுக்குத்தான். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதற்குக் காரணம் அலபாமாவைச் சேர்ந்த லில்லி லெட்பெட்டர் என்கிற அம்மா. குட்இயர் டயர் ஆலையில் 19 வருஷம் வேலை பார்த்தவர், அதே வேலை செய்த ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்பது ரொம்பக் காலம் அவருக்குத் தெரியவே இல்லை. வழக்கு போட்டார். சம்பளத்தை நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று போன வருஷம் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவரைத் தோற்கடித்தது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது? அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா இந்த ஏப்ரல் 23ஆம் தேதி செனட்டில் ஓட்டுக்கு வந்தது, அதாவது பென்சில்வேனியா பிரைமரிக்கு மறுநாள். ஒருவரை ஒருவர் ஆறு வாரம் கிழித்துப் போட்ட ஹிலரியும் ஒபாமாவும் பிரசாரத்தை விட்டுவிட்டு வாஷிங்டனுக்குத் திரும்பி அதற்கு ஆதரவாக ஓட்டு போட்டார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் வரவில்லை, அந்த மசோதாவே வேண்டாம் என்றார். 60 ஓட்டு தேவை, 56தான் கிடைத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸுக்கு 88 வயசு ஆகிறது, அவர் இடத்துக்கு அடுத்த ஜனாதிபதி யாரை நியமிப்பார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எனக்கு இது போதும். ஆனால் எல்லோருக்கும் இது போதும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

2004இல் நம் கட்சி வேட்பாளர் கெர்ரி பென்சில்வேனியாவை ஜெயித்தது சுமார் 1,44,000 ஓட்டில்தான். நியூ ஜெர்சியில் நானும் என் மகளும் சேர்ந்து என்ன செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்படி இல்லை.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. டென்வரில் நடக்கப்போகும் நம் கட்சி மாநாட்டில் ஹிலரியின் பெயரையும் முன்மொழிய விடுங்கள், அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெலிகேட்டுகள் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லட்டும். 1988இல் ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு அந்த மரியாதை கிடைத்தது, கட்சி உடைந்துவிடவில்லை. அப்புறம் கடன். ஹிலரியின் பிரசாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் கடன் நிற்கிறது. அவர் கைக்காசு திரும்பி வருகிறதா இல்லையா என்பது என் கவலை இல்லை. நோட்டீஸ் அடித்தவர், மேடை போட்டவர், சாப்பாடு கொடுத்தவர் என்று சின்னச் சின்ன ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஒபாமாவே 2,300 டாலருக்குச் செக் எழுதியிருக்கிறார், ஒரு தனி மனிதர் கொடுக்கக்கூடிய உச்ச வரம்பே அதுதான். நீங்கள் 10 டாலர் கொடுங்கள். பணத்தைவிட அதை நீங்கள் கொடுத்தீர்கள் என்பது முக்கியம்.

மருத்துவக் காப்பீடு விஷயத்தில் மட்டும் நான் அவ்வளவு எளிதாக விட மாட்டேன். நான் ஹிலரி பக்கம் போனதே அதற்காகத்தான். எல்லோருக்கும் காப்பீடு கட்டாயம் என்றார் அவர், குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் என்கிறார் ஒபாமா. பேப்பரில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். என் கவுண்டரில் அப்படித் தெரியாது. இருபத்தாறு வயசுப் பையன், நல்ல ஆரோக்கியம், காப்பீடு எதுக்கு என்று இருந்தவன், குடல்வால் வெடித்து ஆபரேஷன் முடிந்து வந்து நிற்கிறான். மாசம் 50 டாலர் கட்டுகிறேன் என்கிறான். நான் கால்குலேட்டரைத் தட்டிப் பார்க்கிறேன், அவன் பில் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்களும் உள்ளே வந்தால்தான் எல்லோருக்கும் பிரீமியம் குறையும், இது வெறும் கணக்கு. ஒபாமாவிடம் இதை எங்களைவிட நீங்கள் சொன்னால் எடுபடும். ஹிலரியின் திட்டத்தை அவர் எடுத்துக்கொண்டால் நாங்கள் தோற்றதாகவே நினைக்க மாட்டோம்.

இனி லெவிட்டவுனுக்கு வருகிறேன். அங்கே ஒரு அம்மா இருக்கிறார், எழுபது தாண்டியிருக்கும். வீட்டுக்காரர் ஃபேர்லெஸ் ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்து இறந்துபோனார், இவர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏப்ரலில் மழையில் நனைந்து போன என்னை உள்ளே கூப்பிட்டு, துண்டு கொடுத்து, டீ போட்டுக் கொடுத்தார். தன் அம்மா பிறந்தபோது இந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டே கிடையாது, அதனால் ஹிலரிக்குப் போட்டுவிட்டுத்தான் சாவேன் என்று சிரித்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு போன் பண்ணினேன். நவம்பரில் வீட்டிலேயே இருந்துவிடப் போகிறாராம். மெக்கெய்னுக்குப் போடுகிற ஆள் இல்லை. ஒபாமா மேலும் பெரிய கோபம் இல்லை. யாருமே வந்து கேட்கவில்லை என்றார், அவ்வளவுதான்.

நான் போய்ப் பேசினால் கேட்பார். ஆனால் நான் பேசுவது சரியில்லை, ஒபாமா பேட்ஜ் குத்திய ஒருவர் போய் அவர் எதிரில் உட்கார வேண்டும். ஏப்ரலில் நான் போன வீடுகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, ஓரத்தில் பென்சிலில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பலாம், என் வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம், என் மகள் ஏற்கெனவே ஒரு இடம் பிடித்துவிட்டாள். மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வருகிறேன். பிறந்தநாள் வீட்டில் என்னைக் கேலி செய்த தம்பி, நீ முன் சீட்டில் உட்கார், அந்த அம்மா வீட்டுக்கு நீதான் போகிறாய். காலிங் பெல் வேலை செய்யாது, கதவைத் தட்டு. அவருக்கு முட்டி வலி, எழுந்து வர நேரம் ஆகும், திரும்பிப் போய்விடாமல் அங்கேயே நில்.

அன்புடன்,
ஹிலரிக்காகக் கதவு தட்டிய எடிசன் அக்கா