விபத்து என்று எழுதப்படும் தாக்குதல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனத்தை ஆயுதமாக்கிப் பிறரைத் தாக்குகிறவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை போதுமானதா என்ற கேள்வியைத் தங்கள் இதழ் எழுப்பியிருந்தது. போதாது என்பதே என் கருத்து. ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள உச்சத் தண்டனை குறைவு என்பதைவிட, அந்தத் தண்டனையைப் பற்றிப் பேசும் கட்டம்வரை பெரும்பாலான வழக்குகள் போய்ச் சேருவதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றிக் கொன்ற வழக்குகளில் நீதிமன்றங்கள் தயங்கவில்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் ஊர்வலமாகச் சென்றவர்கள் மீது காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்றவனுக்கு, மாநில நீதிமன்றம் ஆயுள் தண்டனையுடன் 419 ஆண்டுச் சிறையும் விதித்தது. அதே ஆண்டு ஜனவரியில் மெல்பர்ன் நகரின் போர்க் தெருவில் ஆறு பேரைக் கொன்றவன், 46 ஆண்டுகள் கழியும்வரை பரோல் கேட்கவே முடியாது. இந்தத் தீர்ப்புகளில் எனக்குக் குறையில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்குகளில் சட்டம் சரியாகவே விழித்துக்கொள்கிறது. யாரும் பார்க்காத இடத்தில், ஒரு சைக்கிள்காரரையோ நடந்து செல்பவரையோ கோபத்தில் ஒருவர் இடித்துத் தள்ளும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

என் தம்பி மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவனுடைய மோட்டார் சைக்கிள் தன் காரின் பக்கக் கண்ணாடியில் உரசிவிட்டது என்று ஒருவர் சிக்னலில் சண்டை பிடித்தார். இவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினான். அவர் விடாமல் பின்தொடர்ந்து, இரண்டு திருப்பங்கள் தாண்டியதும் பின்னாலிருந்து இடித்துத் தள்ளினார். தொடை எலும்பு முறிந்தது. சண்டையைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்; கார் துரத்தி வந்ததைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். இருந்தும் கவனக்குறைவாக வண்டி ஓட்டியதாகவே வழக்குப் பதிவாயிற்று, அது அபராதத்தோடு முடிந்தும் போயிற்று. அதே மனிதர் அதே கோபத்தில் காரை விட்டு இறங்கி ஓர் இரும்புக் கம்பியால் அவனை அடித்திருந்தால், அதைக் கவனக்குறைவு என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வந்திருக்காது.

அந்தக் கம்பியைவிடக் கார் எவ்வளவு கொடிய கருவி என்பதைச் சிறு கணக்கே காட்டிவிடும். ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,45,000 ஜூல். சாதாரணக் கைத்துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டின் ஆற்றல் சுமார் 500 ஜூல்தான். கார் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். துப்பாக்கியை நீட்டிவிட்டு 'மிரட்டத்தான் நினைத்தேன்' என்று சொன்னால் எவரும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. காரைத் திருப்பி ஏற்றிவிட்டு அதையே சொன்னால் மட்டும் ஏன் நம்பத் தயாராக இருக்கிறோம்? நம்மில் பலரும் வண்டி ஓட்டுகிறவர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது நமக்கு எளிதாக வருகிறது, அடிபட்டு விழுந்தவரின் இடத்தில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. 'விபத்து' என்ற சொல் அந்த மனச்சாய்வை மறைத்து வைத்திருக்கிறது.

அண்மையில் வந்த சட்டத் திருத்தங்கள் இந்தச் சிக்கலைத் தொடவில்லை. பிரிட்டனில் ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவிப்பதற்கான உச்சத் தண்டனை 14 ஆண்டுகளாக இருந்தது. 2022இல் ஆயுள் சிறையாக உயர்ந்தது. இந்தியாவில் கவனமின்மையால் மரணம் விளைவிப்பதற்கு 2 ஆண்டுகளாக இருந்த உச்சத் தண்டனையை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் பொதுவாக 5 ஆண்டுகளாக்கியது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இவை பொறுப்பின்றி ஓட்டுகிற குற்றத்துக்கான தண்டனைகள். குறிபார்த்து இடித்த ஒருவரை இந்தப் பிரிவுகளுக்குள் அடைத்து, தண்டனையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், அவர் செய்ததற்கு உரிய பெயர் கடைசிவரை கிடைக்காது. மறுபுறம், உண்மையிலேயே கண நேரக் கவனப் பிசகால் ஒருவரை இடித்துவிட்டு வாழ்நாளெல்லாம் வருந்துகிறவரும் அதே தட்டில் வைக்கப்படுவார். அவருக்குக் கடுந்தண்டனை வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

இந்த விஷயத்தில் ஜெர்மனியில் நடந்த வாதம் கவனிக்கத்தக்கது. 2016 பிப்ரவரியில் பெர்லின் நகரின் நடுவே இருவர் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியதில் 69 வயது முதியவர் ஒருவர் இறந்தார். கொலை என்று வந்த முதல் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. மறுவிசாரணையிலும் கொலை என்றே தீர்ப்பு வர, 2020இல் ஓட்டுநர்களில் ஒருவரைப் பொறுத்தவரை அது உறுதியாயிற்று. அங்கே எவரையும் குறிவைத்து இடிக்கவில்லை. ஆனாலும் ஓர் உயிர் போகலாம் என்று தெரிந்தே, போனால் போகட்டும் என்று ஓட்டியிருக்கிறார் என்ற நிலைக்கு நீதிமன்றம் வந்தது. அப்படியிருக்க, துரத்திப் போய் இடித்தவரின் உள்நோக்கத்தைக் கேள்வியாகக்கூட எழுப்பாமல் ஒரு வழக்கு முடியலாமா? இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் இயற்றியது. கலவரத்திலிருந்து தப்பிச் செல்வதாகச் சொல்லி ஒருவரைத் தற்செயலாக இடித்துவிடும் ஓட்டுநருக்கு அது சட்டப் பாதுகாப்பளிக்கிறது. அந்த வழியில் வேறெந்த நாடும் போகக்கூடாது.

உள்நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்று சொல்வார்கள். முன்பு அது உண்மையாக இருந்திருக்கலாம். இன்று தெருக் கேமராக்கள் இருக்கின்றன, வண்டிகளிலேயே கேமராக்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்பனையாகும் புதிய கார்கள் ஒவ்வொன்றிலும், மோதலுக்கு முந்தைய சில விநாடிகளின் வேகத்தையும் பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதையும் பதியும் கருவி கட்டாயம். எதிரே ஆள் தெரிந்தும் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்திய கால், கவனம் பிசகிய கால் அல்ல. அந்தப் பதிவை எடுத்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் முதல் நாளே விசாரணை அதிகாரிக்கு வரவேண்டும். முதல் அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால், அதன்பின் அந்தப் பதிவைத் தேடுவதற்கான காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டால், எவ்வளவு காயம் என்பதை வைத்தே வழக்கின் கனம் முடிவாகிவிடுகிறது. அவர் கடைசி நொடியில் விலகிக் குதித்தது, இடிக்க வந்தவருக்குச் சலுகையாகிறது. கத்தி வீச்சு குறி தவறினாலும் கொலை முயற்சியாகப் பார்க்கப்படுகிறது. கார் குறி தவறினால் போக்குவரத்து விதிமீறலாகிவிடுகிறது. ஓட்டுநர் உரிமமும் இப்படித்தான் கையாளப்படுகிறது. வேண்டுமென்றே ஒருவர் மீது வண்டியை ஏற்றியது நிரூபணமானால், சிறைக்காலம் எவ்வளவாக இருந்தாலும், அந்த உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பிள்ளை ஊன்றுகோலோடு நடை பழகிக்கொண்டிருந்த நாட்களில், அவனை இடித்தவர் அதே காரை அதே சாலையில் ஓட்டிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைப் பற்றித் தங்கள் இதழ் மீண்டும் எழுதும்போது, தண்டனை எத்தனை ஆண்டு என்பதோடு, இத்தகைய நிகழ்வுகளில் எந்தக் குற்றப்பிரிவு என்பதை யார், எந்த ஆதாரத்தைப் பார்த்து, எத்தனை மணி நேரத்துக்குள் முடிவு செய்கிறார்கள் என்பதையும் விசாரித்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்