மேசை லாச்சிக்குள் பூட்டிய தொலைபேசி

யாழ்ப்பாண மாவட்டத்தில் சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் இல்லங்களை நடத்தும் நிர்வாக சபையினருக்கு,

வணக்கம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற வகையில் நானும் சில ஆண்டுகள் ஓர் இல்லத்தின் நிர்வாக சபையில் இருந்தேன். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைத் தாங்கிய அறிவித்தல், அந்த அலுவலகச் சுவரில், கோப்பு அலுமாரிக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. அந்த இலக்கத்தை அழைக்கக்கூடிய ஒரே தொலைபேசி முகாமையாளரின் மேசை லாச்சிக்குள் பூட்டப்பட்டிருந்தது. முகாமையாளரைப் பற்றி முறையிட நினைக்கும் பிள்ளை முதலில் அவரிடமே திறப்புக் கேட்க வேண்டும். அதே மேசையைச் சுற்றியிருந்து மாதந்தோறும் தேநீர் குடித்த நானும் இதை நெடுநாள் கவனிக்கவில்லை.

சட்டத்தில் குறை சொல்வதற்கில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவை, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதன் பொறுப்பாளர் இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கியது. நன்னடத்தை உத்தியோகத்தர்களும், பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஆனால் இல்லத்தில் பிள்ளைக்கு நடந்த கொடுமை பற்றிய செய்தி அவர்களை எட்டுமுன்னரே, "இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், வெளிநாட்டுக் காசு நின்றுவிடும்" என்ற பேச்சில் நம் கூட்ட அறையிலேயே அமுங்கிவிடுகிறது. ஆறு பெரியவர்கள் கதிரைகளில் இருக்க, பிள்ளையை நடுவில் நிறுத்தி, "உண்மையைச் சொல்லு" என்று கேட்பதை நாம் விசாரணை என்கிறோம். முறைப்பாடு வந்தவுடன் பொலிஸாருக்கோ அதிகார சபைக்கோ அறிவித்து, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பதுடன் நம் வேலை முடிகிறது. துருவித் துருவிக் கேட்பது பயிற்சி பெற்றவர்களுக்குரியது.

சந்தேகத்துக்குள்ளான ஊழியருக்கு "சுகவீனம் காரணமாக விலகினார்" என்று கடிதம் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். அந்தக் கடிதத்துடன்தான் அவர் அடுத்த ஊர் இல்லத்தின் படியேறுகிறார். புதியவரை நியமிக்கும்போது கிராம அலுவலரின் நற்சான்றிதழுடன் திருப்திப்படாமல், முன்பு வேலைசெய்த இடத்துக்கு நீங்களே அழைத்து, அவரை மீண்டும் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய கதவுக்குள் தனித்திருக்கக்கூடாது என்ற விதி, ஸ்தாபகருக்கும், நினைவுநாளில் மதிய உணவு கொடுக்க வரும் நன்கொடையாளருக்கும் சேர்த்தே இருக்கட்டும். (அந்தச் சாப்பாட்டுக்கு நன்றியாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடுவதையும் நிறுத்தினால் நல்லது.)

படுக்கையில் கிடக்கும் முதியவரும், அறிவுசார் குறைபாடுள்ள இளைஞரும் 18 வயதைக் கடந்தவர்கள் என்பதால் சிறுவர் சட்டங்கள் அவர்களைக் காப்பதில்லை. தம்மைக் குளிப்பாட்டி உடை மாற்றும் கைகளைப் பற்றி அவர்களிற் சிலரால் வாய்திறந்து சொல்லவும் முடியாது. இல்லத்துடன் தொடர்பில்லாத ஒருவர் முன்னறிவித்தலின்றி வந்து, ஊழியர் அருகில் இல்லாமல் அவர்களுடன் இருந்து, உடலையும் முகத்தையும் கவனித்துப் போவதற்கு ஒழுங்கு செய்யுங்கள்.

இவற்றை அடுத்த கூட்டத்தின் முதலாவது விடயமாக எடுப்பீர்கள் என நம்புகிறேன். தொலைபேசியை லாச்சியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதற்குக் கூட்டத் தீர்மானம் தேவையில்லை.

இப்படிக்கு,
முன்னாள் நிர்வாக சபை உறுப்பினர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.