டோக்கியோவிலிருந்து சித்தப்பாவுக்கு: நான் விரும்பிச் செல்லும் கிளை உணவகங்கள்

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு நீங்களும் சித்தியும் மெஸ்ஸில் இருப்பவர்களும் நலமாக இருக்கிறீர்களா என அறிய ஆவல். தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில் மெஸ்ஸின் இரண்டாவது கிளையைத் தொடங்கலாமா என்று யோசிப்பதாகவும், சரக்கு மாஸ்டர் ஒருவரே இருக்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே ருசியை எப்படிக் கொண்டுவருவது என்று கவலையாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜப்பானில் ஒரே பெயரில் ஆயிரம் கடைகள் நடத்துகிறார்களாமே, அங்கெல்லாம் நீ சாப்பிடுவதுண்டா, அதில் அப்படி என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். வாரத்தில் பாதி நாள் மதியச் சாப்பாடு எனக்கு அத்தகைய கடைகளில்தான் என்பதால், எனக்குப் பிடித்தவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது யோஷினோயா. 1899ஆம் ஆண்டு டோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில், விடியற்காலையில் வேலைக்கு வரும் சந்தைக்காரர்கள் நின்ற வாக்கில் பசியாறிவிட்டுப் போவதற்காகத் தொடங்கிய சிறிய கடை அது. 1923இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் சந்தை அழிந்தபின், சந்தையோடு சேர்ந்து கடையும் அதே நகரின் ட்சுகிஜி பகுதிக்கு இடம்பெயர்ந்தது. சூடான சோற்றின்மேல் வெங்காயத்தோடு சோயா சாற்றில் வேகவைத்த மாட்டிறைச்சித் துண்டுகளைப் பரப்பித் தரும் கியூடோன்தான் அவர்களுடைய பெயர்பெற்ற உணவு. நான் அதைச் சாப்பிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் போவது காலை நேரத்தில், சுட்ட சால்மன் மீன் துண்டு, ஒரு கிண்ணம் சோறு, புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் தட்டுக்காக.

ஆனாலும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது என் கண்ணெல்லாம் பரிமாறும் இடத்திலேயே இருக்கும். பழைய பாணிக் கடைகளில் மேசை ஆங்கில யூ எழுத்தைப் போல வளைந்திருக்கும். வாடிக்கையாளர்கள் வெளிப்பக்கம் சுற்றி உட்கார, சப்ளையர் ஒருவரே உள்பக்கம் நின்று நாலெட்டு வைப்பதற்குள் எல்லோருக்கும் பரிமாறிவிடுகிறார். இறைச்சியை அள்ளும் கரண்டி இதற்கென்றே செய்யப்பட்டது. அதில் 47 துளைகள் உண்டு. ஒருமுறை அள்ளித் தூக்கினால் இறைச்சியும் வெங்காயமும் சரியான அளவில் வர வேண்டும், மிகுதிச் சாறு வடிந்துவிட வேண்டும், சோற்றில் ஊறுவதற்கு வேண்டிய சாறு மட்டும் தங்க வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இந்த ஒரு கரண்டியைப் பிடிக்கும் பக்குவத்துக்காக ஊழியர்களிடையே போட்டியே நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மெஸ்ஸில் சாம்பார் வாளியைத் தூக்குபவரின் மனநிலைக்கேற்ப இலையில் குளம் கட்டுவதும் தூறல் விழுவதும் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

ஒரே பண்டத்தை நம்பிக் கடை நடத்துவதில் ஆபத்தும் உண்டு என்பதை அவர்கள் வரலாறே சொல்கிறது. வேகமாகக் கிளைகளைப் பெருக்கியதால் 1980இல் நிறுவனம் கடனில் மூழ்கி, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மீண்டு எழ வேண்டியிருந்தது. பிறகு, மாடுகளைத் தாக்கும் மூளை நோய் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு அந்நாட்டு இறைச்சியின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, வேறு நாட்டு இறைச்சியைக் கொண்டு அதே ருசியைத் தர முடியாது என்று கூறி, 2004 பிப்ரவரியில் கியூடோன் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளில் மக்கள் வரிசையில் நின்று சாப்பிட்டதை இங்குள்ள என் மூத்த சக ஊழியர்கள் இன்றும் சொல்லுவார்கள். 2006 செப்டம்பர் வரை பன்றி இறைச்சிச் சோற்றையும் மற்றவற்றையும் விற்றுக் காலம் தள்ளினார்கள். அப்போது தலைவராக இருந்த ஆபே ஷுஜி அதே நிறுவனத்தில் பகுதிநேர ஊழியராகச் சேர்ந்து மேலே வந்தவர்.

மட்சுயா என்ற கடையும் ஏறக்குறைய இதே வகைதான். வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பணத்தைப் போட்டுச் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். சமையல்காரரின் கை காசில் படுவதே இல்லை. கல்லாவில் ஓர் ஆள் மிச்சம். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு மிசோ சூப் இலவசம்.

அடுத்தது சைசேரியா, குடும்பத்தோடு போவதென்றால் எங்களுக்கு இதுதான். இத்தாலிய உணவைப் பள்ளி மாணவனும் தன் கைக்காசில் சாப்பிடும் விலைக்குத் தருகிறார்கள். இதைத் தொடங்கிய ஷோகாகி யாசுஹிகோ இயற்பியல் படித்தவர். 1967இல் சிபா மாகாணத்தின் இச்சிகாவா நகரில், ஒரு காய்கறிக் கடையின் மாடியில் இருந்த சிறிய உணவகத்தை எடுத்து நடத்தினார். அது தீவிபத்தில் எரிந்துபோனது. இத்தாலிய உணவகமாக மீண்டும் அதே இடத்தில் திறந்தபோது ஆள் வரவில்லை. விலையை 70 விழுக்காடு குறைத்தார்; மாடிப்படியில் வரிசை நின்றது. இன்று ஜப்பானில் மட்டும் 1,000 கிளைகளுக்குமேல் உண்டு. பாலாடைச் சாறும் இறைச்சிச் சாறும் ஊற்றி அடுப்பில் வாட்டிய சோறான மிலானோ டோரியாவின் விலை 300 யென். முன்பு 299 யென்னாக இருந்ததை, பெருந்தொற்றுக் காலமான 2020இல், சில்லறை கைமாறுவதைக் குறைப்பதற்காக முழுத் தொகையாக்கினார்கள். விலையை ஏற்றுவதற்கு இப்படியும் ஒரு காரணம் அமைந்ததே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏற்றியதோ ஒரே ஒரு யென்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்தக் கடையின் சமையலறையில் இருக்கிறது. அங்கே கத்தி கிடையாது. காய்கறிகள் நறுக்கிக் கழுவிப் பொட்டலமாக வருகின்றன. சாறு வகைகள் தொழிற்சாலையில் தயாராகி வருகின்றன. டோரியாவில் ஊற்றும் வெள்ளைச் சாறு போன்றவற்றுக்காக ஆஸ்திரேலியாவில் மெல்போர்னுக்கு அருகே சொந்தத் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள். வயலில் பறித்தது முதல் கடைக்கு வந்து சேரும்வரை கீரைவகைகளைக் குளிர்நிலையிலேயே கொண்டுவருகிறார்கள். கிளையில் இருப்பவர் சூடாக்கித் தட்டில் வைத்தால் போதும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த கல்லூரி மாணவன் வைத்தாலும் பல வருட அனுபவசாலி வைத்தாலும் தட்டில் வேறுபாடு இருக்காது. நான் எப்போதும் கேட்பது பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் தாளித்த பெப்பரோன்சினோ என்ற ஸ்பாகெட்டி; கடையில் வைத்திருக்கும் மிளகாய்த் தூளைத் தாராளமாகத் தூவிக்கொண்டால் நம் நாக்குக்கு ஒருவாறு ஒத்துவரும். குழந்தைகளுக்கான உணவுப் பட்டியலில் இரண்டு படங்களுக்கிடையே பத்து வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கும் புதிர் ஒன்று அச்சிட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கே பிடிபடாத அளவுக்குக் கடினமானது. உணவு வரும்வரை பிள்ளைகள் அடம்பிடிப்பதில்லை, பெற்றோர்தான் தட்டு வந்த பிறகும் தலையை நிமிர்த்துவதில்லை.

இதற்கு நேர் எதிரான வழியில் போகும் மருகமே செய்மென் கடையைத்தான் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஹியோகோ மாகாணத்தின் காகோகாவாவில் முதல் கடையைத் திறந்தார்கள். இப்போது ஜப்பானில் 800க்கு மேல் இருக்கின்றன. பொதுச் சமையற்கூடம் இவர்களுக்குக் கிடையாது. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் மூன்றையும் ஒவ்வொரு கடையிலும் பிசைந்து, ஊறவைத்து, தேய்த்து, வெட்டி, வாடிக்கையாளர் கண்முன்னாலேயே கொதிநீரில் வேகவைத்து உதோன் நூடுல்ஸ் தருகிறார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகரும்போது, தட்டையாகத் தேய்த்த மாவை விரித்து மடித்து இயந்திரத்தின் கத்திக்கடியில் தள்ளுபவரையும், பெரிய அண்டாவில் ஆவி பறக்க நூடுல்ஸைக் கிளறுபவரையும் பார்த்துக்கொண்டே போகலாம். வாசலிலேயே கல்லைப் போட்டு மாஸ்டர் மாவு வீசுவதைக் காட்டித்தானே நம் ஊர்ப் பரோட்டாக் கடையும் ஆளை உள்ளே இழுக்கிறது! வாங்கியபின் நறுக்கிய வெங்காயத்தாளையும் பஜ்ஜி மாவுப் பொரியையும் வேண்டிய மட்டும் இலவசமாக அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். நூடுல்ஸ் செய்பவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். கணக்குப் பார்ப்பவர் எவரும் இதை வீண் செலவு என்றுதான் சொல்லுவார். ஆனால் அந்த ஆவியையும் மாவையும் பார்ப்பதற்காகவே ஆட்கள் வருகிறார்கள் என்பது என் எண்ணம். ருசியிலும் நான் முதலிடம் தருவது இதற்கே.

கறிச்சோறு விற்கும் கோகோ இச்சிபன்யாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்தி கோபித்துக்கொள்வார். ஜப்பானியர் கறி என்று சொல்வது நம் குழம்பு அன்று. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய, சற்றே இனிப்பான, பழுப்பு நிறச் சாறு அது. பிரிட்டிஷார் வழியாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி பேரரசர் காலத்தில் இங்கு வந்தது. குழம்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், வேறொரு பண்டமாக நினைத்துச் சாப்பிட்டால் நன்றாகவே இருக்கும். முனெட்சுகு தோகுஜி என்பவரும் அவருடைய மனைவியும் நகோயா பக்கத்தில் காப்பிக் கடை நடத்தி, அதில் விற்ற கறிச்சோற்றுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு 1978இல் இதைத் தொடங்கினார்கள். இங்கே எல்லாம் எண்தான். சோறு எத்தனை கிராம், காரம் எந்த எண், மேலே என்ன வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். 5ஆம் எண் காரத்தை முன்பே சாப்பிட்டவர்கள் மட்டுமே 6ஐயும் அதற்கு மேலும் கேட்கலாம் என்று பட்டியலிலேயே எச்சரிக்கிறார்கள். மாமிசப் பொருள் சேராத காய்கறிக் கறியும் பல கிளைகளில் கிடைக்கிறது. மிசோ சூப்பிலும் உதோன் சாற்றிலும் மீன் சாறு சேர்ந்திருக்கும் இந்நாட்டில், சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது பெரிய உதவி. 2020இல் குருகிராமில் கிளை திறந்து நம் நாட்டுக்கே கறி விற்க வந்துவிட்டார்கள்!

உங்களுக்கு உதவக்கூடியது அவர்கள் கிளை கொடுக்கும் முறை. வெளியாட்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பெயரைத் தருவதைவிட, தங்களிடம் வேலை பார்த்துப் படிப்படியாகத் தேர்ச்சி பெற்ற ஊழியருக்கே கடையைத் தந்து முதலாளியாக்குகிறார்கள். பெயரைப் பயன்படுத்துவதற்காக மாதாமாதம் பங்கு வாங்குவதில்லை, பொருளை மட்டும் தலைமையிடத்திலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். 2002இல் முனெட்சுகு ஓய்வுபெற்றபோது தலைவராக வந்த ஹமாஜிமா தோஷியாவும் பகுதிநேரப் பையனாகச் சேர்ந்தவர்தான். மெஸ்ஸில் பல காலமாக உங்களோடு இருக்கும் தம்பிகளை நினைத்துப் பார்த்தேன்.

சுழலும் பட்டையில் தட்டுகள் வரும் சுஷிக் கடைகளை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பீர் தொழிற்சாலையில் பட்டையில் ஓடிய புட்டிகளைக் கண்டு ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் 1958இல் ஒசாகா பக்கத்தில் தொடங்கியது அது. குரா சுஷியில் காலித் தட்டை மேசையோரத் துளையில் போட்டால் கணக்கு தானாக ஏறும். ஐந்து தட்டுக்கு ஒருமுறை திரையில் விளையாட்டு வரும், வென்றால் சின்ன பொம்மை. பொம்மைக்காக என் மகள் என்னைச் சாப்பிட வைக்கிறாள்.

நீங்களும் சித்தியும் வசந்த காலத்தில் வருவதாக இருந்தால் முதல் நாள் மாலை மருகமேவுக்கு உங்களை மட்டும் அழைத்துப் போகிறேன். சித்திக்குக் கோகோ இச்சிபன்யா. இங்கே எந்தக் கடையிலும் டிப்ஸ் வைக்கும் வழக்கமில்லை, வைத்தால் துரத்திக்கொண்டு வந்து திருப்பித் தருவார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். சரக்கு மாஸ்டர் கண்ணளவில் போடும் புளி, பருப்பு, மிளகாய்த் தூள், உப்பு எல்லாவற்றையும், அண்டாவில் விழுவதற்கு முன்னால் தராசில் வைத்து ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தன் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்கிறார்கள் என்று அவர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். இரண்டாவது கடையின் அடுப்படிக்கு அவரைத்தான் மேற்பார்வையாளராகப் போடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு நோட்டைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்
குமார்