மூன்றாவது நிரலையும் காட்டுங்கள்

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்காகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் இலங்கைத் திறைசேரி அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் நீங்கள் ஆசையோடு எடுத்துக் காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. 1940களின் நடுவில் ஒரு லட்சம் பிரசவங்களில் 1500க்கு மேற்பட்ட தாய்மாரைப் பறிகொடுத்த நாட்டில் இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோன மலேரியா ஒழிந்துவிட்டதென்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே சான்று தந்தது. அமெரிக்காவில், கொரோனா ஆண்டான 2021இல், தாய்மார் இறப்பு 32.9; கறுப்பினத் தாய்மாரை மட்டும் எடுத்தால் 69.9. தலைக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் டொலருக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவாகும் நாடு அது.

பெருமைப்படுங்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் அது எப்படி வந்தது? 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு பின்னர் நாடெங்கும் பரவியது. குடையும் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவ மாது, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கால் வீக்கத்தைக் கவனித்து, நாள் குறித்துக் கொடுத்தார். 1945இல் வந்த இலவசக் கல்வியால் படித்த பெண்கள் அவர் சொன்னதைப் புரிந்துகொண்டார்கள். இதற்கெல்லாம் முன்னால் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்திருந்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கேட்டார்கள், கிடைத்தன.

தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரான எங்களுக்கு அந்த வாய்ப்பு நிலைக்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே எங்களில் பெரும்பாலோரின் வாக்கும் போயிற்று. நான் பிறந்த லயனில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில், பன்னிரண்டு காம்பரா (ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை), கழிப்பறை இரண்டு. அதில் ஒன்றுக்குக் கதவே கிடையாது. விடியுமுன் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒதுங்கிவிட்டுப் பீலியில் குளித்து மலையேறிய பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. தோட்டப் பாடசாலையில் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே ஆசிரியர். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லும்போது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருப்போம். அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஊரெல்லாம் இலவசக் கல்வி வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு!

இது ஏழை நாட்டுக் கதை என்று நினைத்தால், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள லௌண்ட்ஸ் மாவட்டத்தைப் பாருங்கள். அங்குள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சாது. சாதாரண மலக்குழி வேலை செய்யாது. வேலை செய்யக்கூடியதைக் கட்டப் பல்லாயிரம் டொலர் வேண்டும். இல்லாதவர்கள் ஒரு குழாயைப் பொருத்திக் கழிவை வீட்டுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட 55 பேரில் 19 பேரிடம் மலம் கலந்த மண்ணிலிருந்து தொற்றும் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கடும் வறுமை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் நேரில் போய்ப் பார்த்துத் திகைத்தார். மலக்குழி இல்லாத குற்றத்துக்கு வழக்குப் போடுவோம் என்று அங்கே ஏழைகளை மிரட்டியும் இருக்கிறார்கள். 2023இல் அமெரிக்க நடுவணரசும் மாநிலச் சுகாதாரத் துறையும் இந்நிலையைச் சீராக்க ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகம் அதையும் முடித்துவைத்தது.

கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த அந்த மாவட்டத்தில் 1965இன் தொடக்கத்தில் வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் லயன்தான் நினைவுக்கு வந்தது. பணக்கார நாடு, ஏழை நாடு என்று இரண்டாகப் பிரித்துப் போடும் பட்டியலில் லௌண்ட்ஸ் ஒரு பக்கம், நாங்கள் மறுபக்கம். கழிவு ஓடும் வாய்க்காலைப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

உங்கள் அரசின் கணக்கெடுப்பே நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று நிரல்களாகத்தான் வருகிறது. 2016இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம்; தோட்டத்தில் 31.7 வீதம். மேடையில் முதல் எண்தான் ஒலிக்கிறது. எங்களில் எஞ்சியோருக்கும் 2003இல் குடியுரிமை வந்துவிட்டது. இப்போது வாக்கு இருக்கிறது, வாக்குக் கேட்டும் வருகிறார்கள், ஆனால் பழைய பாக்கியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு செய்த பிறகு, எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பதே எங்கும் பேச்சாக இருக்கிறது. மருத்துவ மாதுவின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். தோட்டங்களில் வெற்றிடமாகக் கிடக்கும் அந்தப் பதவிகளுக்குத் தமிழ் பேசும் பெண்களை நியமியுங்கள். காம்பராவுக்கு ஒரு கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் தருவதற்கான தொகையை, வேறெந்தத் தலைப்புக்குள்ளும் ஒளித்து வைக்காமல், தனி வரியாக எழுதுங்கள். சுகாதாரம், கல்வி பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கும் ஒவ்வோர் அட்டவணையிலும் மூன்றாவது நிரலையும் அச்சிடுங்கள். அதற்குச் செலவு, கொஞ்சம் மை.

இப்படிக்கு,
லயன் காம்பராவில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்